சத்தம் போட்டு நடந்த காடு

"வாற கிழமை எல்லாருமாக் காட்டுக்குப் போய் ரென்ற் அடிச்சுப் படுக்கப் போறம். மூண்டு இரவு. உனக்கும் ஒரு படுக்கைப் பை வாங்கியாச்சு" என்று அக்கா சொன்னபோது நான் குசினியில் பாண் வெட்டிக்கொண்டிருந்தேன். 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதி. கனடாவின் எட்மன்டன் நகரில் இருக்கும் அக்காவின் வீட்டுக்கு விடுமுறையில் போயிருந்தேன். "ஏனக்கா, வீட்டுக்கு என்ன நடந்தது?" என்று என்னையறியாமலே கேட்டுவிட்டேன். அக்காவின் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் சகோதரிகளுக்கு அந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை. நாங்கள் ரென்றுக்குள் படுத்தது வீடு இல்லாமற் போனபடியால். 2009 ஏப்ரல் தொடக்கம் டிசெம்பர் வரை செட்டிகுளம் மெனிக்பாமில் அம்மாவும் தம்பியும் நானும் இன்னொரு குடும்பத்துடன் ஒரே வெள்ளை ரென்றுக்குள் இருந்தோம். அந்த முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் நான் வேலை செய்யும் கிராமங்களில் பெண்கள் இன்றைக்கும் காலத்தைக் கணக்கிடுவது "ரென்றுக்கு முன்னம், ரென்றுக்குப் பிறகு" என்றுதான். அப்படியிருக்க, காசு கொடுத்து, மாதக்கணக்கில் முன்கூட்டியே பதிவு செய்து, ரென்றுக்குள் படுக்கப் போகும் சனத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆவலும் எனக்குள் எழுந்தது. சமூகவியல் படித்தவர்களுக்கு உள்ள கெட்ட பழக்கம் அது.

நாங்கள் போனது ஜாஸ்பர் தேசியப் பூங்காவுக்கு. எட்மன்டனிலிருந்து மேற்கே ஏறக்குறைய 365 கிலோமீற்றர். காரில் நாலு மணித்தியால ஓட்டம். பூங்கா என்றதும் ஊஞ்சலும் பூமரங்களும் என்று நினைத்துவிட வேண்டாம். றொக்கி மலைத்தொடரில் ஏறக்குறைய 11,000 சதுர கிலோமீற்றர் பரப்பில் கிடக்கும் மலையும் காடும் பனிக்கட்டி ஆறுகளும் ஏரிகளும்தான் அது. எங்கள் வடக்கு மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களையும் சேர்த்தாலும் அந்தப் பரப்பு வராது. நடுவில் ஐயாயிரம் பேருக்கும் குறைவானவர்கள் வாழும் ஒரு சிறு நகரம். அதைச் சுற்றி, ஆட்கள் தங்கள் ரென்றைக் கொண்டுவந்து அடித்துத் தங்குவதற்கென ஒதுக்கிய இடங்கள்.

தங்குமிட வாசலில் கார் நின்றது. சிறிய அலுவலகம். உள்ளே சீருடை போட்ட ஒரு பெண். எத்தனை பேர், எந்த ஊர், எத்தனை நாள் என்று கேட்டுப் பதிந்து, இலக்கமிட்ட ஒரு துண்டைத் தந்தாள். அந்தத் துண்டை எங்கள் இடத்தில் நட்டிருக்கும் கம்பத்தில் செருகிவிட வேண்டுமாம். எனக்கு வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. பதிவு, குடும்ப எண்ணிக்கை, இலக்கம், சீருடை. எல்லாம் அதேதான். ஒரேயொரு வித்தியாசம், அந்தத் துண்டில் நாங்கள் வெளியே போகும் திகதி எழுதப்பட்டிருந்தது. அதை நாங்களேதான் தெரிவு செய்திருந்தோம். மெனிக்பாமில் அம்மா எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அந்தத் திகதியைத்தான்.

ரென்ற் அடிக்கும் வேலையில் அத்தானை விட நான் விரைவாக இருந்தேன். கயிறுகளை இழுத்துக் கட்டிவிட்டு, ஒரு தடியை எடுத்து ரென்றைச் சுற்றிச் சிறு வாய்க்கால் வெட்டத் தொடங்கினேன். "என்ன செய்யிறீர்?" என்று அத்தான் ஓடிவந்தார். மழை பெய்தால் வெள்ளம் உள்ளே வராமலிருக்க வேண்டாமா? இங்கே நிலத்தைக் கிண்டக் கூடாதாம். நான் வெட்டிய அரை முழ வாய்க்காலைக் காலால் மண் தள்ளி மூடினேன்.

அங்குள்ள கட்டுப்பாடுகளில் மிகக் கடுமையானது சாப்பாடு பற்றியது. சமைத்துச் சாப்பிட்டு முடிந்ததும் சாப்பாட்டுப் பெட்டி, அடுப்பு, சட்டி, குப்பை எல்லாவற்றையும் காருக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும். ரென்றுக்குள் ஒரு விசுக்கோத்துக்கூட வைக்கக் கூடாது. பற்பசை, சவர்க்காரம், முகப்பூச்சு எல்லாமே சாப்பாட்டுக் கணக்குத்தான். காரணம் கரடி. கரடியின் மோப்பம் மிகக் கூர்மையானது. மனிதச் சாப்பாட்டின் ருசி ஒருமுறை பிடித்துவிட்டால் அது திரும்பத் திரும்ப வரும், வந்து பயங்காட்டும், கடைசியில் அதிகாரிகள் அதைச் சுட வேண்டி வரும். ஆகவே விதி எங்களைக் காப்பாற்ற மட்டுமல்ல, கரடியையும் காப்பாற்றத்தான். அக்கா மீன் குழம்புக்குத் தூளெல்லாம் கட்டிக்கொண்டு வந்திருந்தா. அத்தான் அந்தப் போத்தலைத் திறக்கவே விடவில்லை. மூன்று நாளும் நூடில்ஸும் பாணும் சம்பலும்தான்.

முதல் இரவு சரியான குளிர். செப்ரெம்பர் தொடக்கத்திலேயே அந்த மலைகளில் இரவு வெப்பநிலை சுழியத்துக்குக் கிட்ட இறங்கிவிடுகிறது. பெறாமகள் எனக்குப் பக்கத்தில் படுத்திருந்தாள். எத்தனை மணி என்று தெரியாது. திடீரென்று தூரத்தில் ஒரு கூவல். அடியிலிருந்து எழும்பி, மெல்லிய விசில் போல உயர்ந்து, உச்சத்தில் கிழிந்து நின்றது. எனக்கு அடுத்தது என்னவென்று தெரியும். கூவிக்கொண்டு வரும், பிறகு விழும். நான் குப்புறப் படுத்து, பெறாமகளின் தலையைக் கையால் மூடி அழுத்திப் பிடித்திருந்தேன். அப்படிச் செய்ததே அவள் முனகியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"சித்தி, கையை எடுங்கோ. அது எல்க். பொம்பிளை தேடுது."

எல்க் என்பது எங்கள் மரையை விடப் பெரிய மான். இலையுதிர் காலத்தில் ஆண் மான்கள் பெண் மான்களைக் கூட்டமாகச் சேர்த்துக் காவல் காத்துக்கொண்டு, மற்ற ஆண்களுக்கு எச்சரிக்கையாக இப்படிக் கூவும். அந்த நாட்களில் மனிதரையும் முட்ட வரும் என்பதால் 30 மீற்றருக்கு அப்பால்தான் நிற்க வேண்டும். கரடிக்கும் ஓநாய்க்கும் 100 மீற்றர். இதையெல்லாம் அடுத்த நாள் அறிவிப்புப் பலகையில் வாசித்தேன். அந்த இரவில் எனக்கு இருந்ததெல்லாம் அந்தச் சத்தம்தான். இரண்டாவது தரம் கூவியது. மூன்றாவது தரம். ஒவ்வொரு தரமும் நான் வெடியோசைக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. பத்துப் பன்னிரண்டு தரத்துக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். விடியும்போது அக்கா தேத்தண்ணீர் ஊற்றித் தந்தா. "நானும் இங்க வந்த முதல் வருசம் காருக்குள்ளதான் போய்ப் படுத்தனான்" என்றா. முப்பது வருடத்துக்கு முன் கலியாணம் பேசி வந்தவவுக்கும் அது அப்படித்தான் இருந்திருக்கிறது.

அன்று ஐந்து ஏரிப் பள்ளத்தாக்கு என்ற இடத்துக்கு நடக்கப் போனோம். ஏறக்குறைய நாலரைக் கிலோமீற்றர் சுற்று, சிறுபிள்ளைகளும் நடக்கக்கூடியது. ஏரிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பச்சை. பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை. தனியே நடக்காதீர்கள், கூட்டமாக நடவுங்கள், சத்தம் போடுங்கள், கைதட்டுங்கள், பாடுங்கள் என்று எழுதியிருந்தது. கரடி பெரும்பாலும் ஆட்களைத் தவிர்க்கும் மிருகம். ஆட்கள் வருவது முன்பே தெரிந்தால் ஒதுங்கிப் போய்விடும். சத்தமில்லாமல் போய்த் திடீரென்று முன்னால் நின்றால்தான் ஆபத்து.

நான் அந்தப் பலகைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். காடு என்றால் சத்தம் போடாமல் நடக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த பாடம். கடல்நீரேரியைக் கடந்த இரவில் ஒவ்வொரு தாயின் கையும் ஒவ்வொரு பிள்ளையின் வாயில் இருந்தது. இருமல் வந்தவர்கள் சீலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நடந்தார்கள். இங்கே அரசாங்கமே பலகை போட்டுச் சொல்கிறது, சத்தம் போடு, நீ வருவது எல்லோருக்கும் தெரியட்டும் என்று.

பெறாமகள் பாடினாள். எனக்குப் பாட்டு வராது. கடைசியில் நான் வாய்ப்பாடு சொன்னேன். பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரைக்கும் சத்தமாகச் சொல்லிக்கொண்டு நடந்தேன். எதிரே வந்த வெள்ளைக்காரக் கிழவியொருத்தி ஏதோ பிரார்த்தனை என்று நினைத்தாவோ தெரியாது, கைகூப்பிவிட்டுப் போனா. மூன்றாவது ஏரிக்குப் பிறகு தொண்டை அடைத்துவிட்டது. குளிர் என்று அக்காவுக்குச் சொன்னேன்.

கரடியை அடுத்த நாள் கண்டோம். மலீன் ஏரிக்குப் போகும் வீதியோரம் ஒரு கருங்கரடி பற்றைக்குள் நின்று சிவப்புப் பழங்களை ஆய்ந்து தின்றுகொண்டிருந்தது. வாகனத்தை விட்டு இறங்கக் கூடாது; கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துவிட்டு நகர வேண்டும். வன்னியில் பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குப் போகும் பெண்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் கரடிக்கும் பழமென்றால் உயிர். ஒரே மரத்துக்கு நாங்களும் போகிறோம், அதுவும் வருகிறது. அதனால்தான் எங்கள் ஆச்சிமாரும் காட்டுக்குள் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கதைத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பலகையில் இருந்தது ஆச்சிமாரின் பழக்கம்தான். இடையில் வந்த யுத்தம் அதை எங்களுக்கு மறக்கப் பண்ணிவிட்டது.

அங்குள்ள கரடிகளைப் பற்றி இன்னொன்று. கோடையில் இணை சேர்ந்தாலும் கரு உடனே கருப்பையில் தங்காது. மாரிக்கு முன் தாயின் உடம்பில் போதிய கொழுப்புச் சேர்ந்தால்தான் கரு பதியும், சேராவிட்டால் இல்லை. குட்டிகள் பிறப்பது நடுமாரியில், குகைக்குள். போசாக்கில்லாமல் இருக்கும்போது கருத்தரிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் வசதி உடம்பிலேயே வைத்துப் படைக்கப்பட்டிருக்கிறது. எங்கள் தாய்சேய் நல வகுப்புகளில் இதைச் சொன்னால் பெண்கள் சிரிப்பார்கள். ஆனால் ஏன் சிரிக்கிறோம் என்று ஒவ்வொருத்திக்கும் தெரிந்திருக்கும்.

மலீன் ஏரி 22 கிலோமீற்றர் நீளமானது. இரு கரையிலும் பனிமலைகள். வெளியுலகத்துக்கு இந்த ஏரியை அறிமுகப்படுத்தியவர் மேரி ஷேஃபர் என்ற அமெரிக்கப் பெண். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். 1861 இல் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். கணவர் மருத்துவர், மலைத் தாவரங்களில் ஈடுபாடு கொண்டவர். இருவரும் கோடைதோறும் இந்த மலைகளுக்கு வந்து பூக்களைச் சேகரிப்பார்கள். மேரி அவற்றை வரைவார், படம் பிடிப்பார். 1903 இல் கணவர் இறந்துபோனார். அப்போது மேரிக்கு வயது 42. கணவர் தொடங்கிவைத்த தாவர நூலை இன்னொரு தாவரவியலாளரின் துணையுடன் 1907 இல் வெளிவரச் செய்தார். அதோடு வீட்டுக்குள் அடங்கிவிடவில்லை. குதிரைகளுடனும் வழிகாட்டிகளுடனும் மலைக்குள் மாதக்கணக்கில் கூடாரமடித்துத் திரிந்தார். பெண்கள் இப்படிப் போவதாவது என்று அந்தக் காலத்தில் அவர்களுக்கும் ஊர்வாய் இருந்தது.

1907 இல் இந்த ஏரியைத் தேடிப் போய்க் காணாமல் திரும்பினார். ஸ்ரோனி நக்கோடா என்ற பழங்குடியைச் சேர்ந்த சாம்சன் பீவர் என்பவர், சிறுவயதில் தகப்பனுடன் அங்கே போன ஞாபகத்தை வைத்து ஒரு கடதாசியில் வழி கீறிக் கொடுத்தார். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு 1908 யூலையில் மேரியின் குழு ஏரியை அடைந்தது. 1911 இல் கனேடிய அரசின் சார்பில் ஏரியை அளந்து படம் வரைந்ததும் அவர்தான். வள்ளத்துக்கான பலகைகளைத் துண்டு துண்டாகக் குதிரைகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அவரிடம் பணமிருந்தது, குதிரையிருந்தது, வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள். எங்கள் சகோதரிகளுக்கு அவை இல்லை. ஆகவே "பாருங்கள், அவரால் முடிந்தது" என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்லும் பேச்சாளர்களை நீங்களும் நானும் வேண்டியளவு கேட்டுவிட்டோம். எனக்குப் பிடித்தது வேறு. அவர் ஏரியைக் 'கண்டுபிடித்தார்' என்று பலர் எழுதுகிறார்கள். ஒரு சிறுவன் ஞாபகத்தில் வைத்திருந்த ஏரியை எப்படிக் கண்டுபிடிப்பது? மேரி அதை மறைக்கவில்லை. ஏரியின் ஒடுங்கிய இடத்துக்கும் ஒரு சிகரத்துக்கும் சாம்சனின் பெயரை வைத்தார். சாம்சனும் மனைவி லியாவும் சிறு மகளும் இருக்கும் படமொன்றையும் எடுத்திருக்கிறார். மூவரும் கமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள் வந்து போகும் இடங்களில் இல்லாத அமைதியை நான் கண்டது கடைசி நாள், வீட்டுக்குத் திரும்பும் வழியில். அக்காவுக்குக்கூட அந்த இடம் தெரியாது. வரைபடத்தில் பார்த்து நான்தான் கேட்டேன். பிரதான வீதியிலிருந்து பிரிந்து போகும் கிரவல் பாதையோரம், புல்வெளியில், மரக்குற்றிகளால் கட்டிய பழைய வீடு. எவன் மோபர்லி என்பவரின் வீடு. பழங்குடித் தாய்மாருக்கும் ஐரோப்பியத் தந்தைமாருக்கும் பிறந்த மெற்றீஸ் என்ற சமூகத்தைச் சேர்ந்தவர். அவரும் சகோதரர் ஜோனும் வேறு சில குடும்பங்களும் அந்தப் பள்ளத்தாக்கில் வீடு கட்டி, குதிரை மாடு வளர்த்து, தோட்டம் செய்து வாழ்ந்தார்கள். 1907 இல் அந்த நிலம் பூங்காவென்று பிரகடனம் செய்யப்பட்டது. 1909, 1910 ஆண்டுகளில் குடும்பங்களை வெளியேற்றினார்கள். வீட்டுக்கும் வேலிக்கும் நட்டஈடு கொடுத்தார்கள். நிலத்துக்குக் கொடுக்கவில்லை, உறுதி இல்லையென்பது காரணம். பலர் வடக்கே கிராண்ட் காஷ் பக்கம் போய்க் குடியேறினார்கள்.

உறுதி இல்லை. இந்த இரண்டு சொல்லையும் எங்கள் காணிக் கச்சேரிகளில் எத்தனை தரம் கேட்டிருப்பேன்.

வீட்டின் வாசற்படி அப்படியே இருந்தது. கதவில்லை. அக்கா உள்ளே எட்டிப் பார்த்தா. "எங்கட வீடும் இப்பிடித்தான் நிக்குதோ?" என்று கேட்டா. அக்கா கலியாணம் செய்து போனபிறகு எங்கள் வீட்டைப் பார்க்கவில்லை. இல்லையக்கா, எங்கட வீட்டில சுவர்கூட மிச்சமில்லை, அத்திவாரம் மட்டுந்தான் என்றேன். மூன்று நாள் சந்தோசமாக நடந்த பூங்காவை அதற்காக நான் வெறுக்கவில்லை. ஆனால் 'மனிதர் கால்படாத காடு' என்று அங்கே விற்கும் புத்தகங்களில் வரும் வசனத்தை மட்டும் என்னால் இனி வாசிக்க முடியாது.

ஊருக்கு வந்ததும் பெண்கள் குழுவில் கைத்தொலைபேசிப் படங்களைக் காட்டினேன். எல்லோரும் கேட்ட முதற் கேள்வி, "கக்கூசுக்கு என்ன செய்தனியள்?" என்பதுதான். நல்ல கேள்வி. தண்ணீர் வசதியோடு, பூட்டுள்ள கதவோடு, இரவு முழுக்க வெளிச்சத்தோடு இருந்தது, வரிசை இல்லை. அதை நம்ப வைக்கத்தான் அதிக நேரம் எடுத்தது.

பத்து மாதம் கழித்து, 2024 யூலை 22 இரவு, காட்டுத்தீ காரணமாக ஜாஸ்பர் நகரத்தையும் பூங்காவையும் விட்டு எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். நகரவாசிகளும் ரென்ற் அடித்திருந்த உல்லாசப் பயணிகளுமாக ஏறக்குறைய 25,000 பேர் ஒரே வீதியில் கார்களில் போனார்கள். 24 ஆம் திகதி மாலை தீ நகரத்துக்குள் வந்தது. 358 கட்டடங்கள் எரிந்துபோயின. நகரத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. நாங்கள் நடந்த ஐந்து ஏரிப் பள்ளத்தாக்கின் மரங்களும் எரிந்தன. அக்கா அனுப்பிய படங்களை அந்த மாதக் கூட்டத்தில் காட்டினேன். கார் வரிசையைப் பார்த்ததும் ஒருவரும் கதைக்கவில்லை. பிள்ளைகள், நாய்கள், கூரையில் கட்டிய மூட்டைகள்.

பிறகு, கணவனையும் மூத்த மகனையும் இழந்த ஒரு அம்மா கேட்டா:

"அந்தச் சனம் திரும்பிப் போட்டுதோ?"

"ஓமம்மா. ஓகஸ்ட் 16 ஆம் திகதி விட்டிட்டினம்" என்று அடுத்த கூட்டத்தில்தான் என்னால் சொல்ல முடிந்தது.

"மூண்டரைக் கிழமை" என்று விரல் மடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னா. "வீடு எரிஞ்சவை?"

"வேற ஊர்களில இருக்கினம். தற்காலிகமா வீடு கொண்டுவந்து வைக்கப் போகினமாம். செய்து முடிச்ச வீடு, லொறியில ஏத்திக்கொண்டு வாறது."

"ரென்ற் இல்லையோ?"

"இல்லையம்மா."

"நல்லது" என்றுவிட்டு, படத்தைத் திரும்பவும் காட்டச் சொன்னா. எரியாத படத்தை. அந்தப் பச்சை ஏரியை.